மழைக்கு முன்னால் நம் பிள்ளைகளுக்கு என்ன தயார் செய்து வைப்பது?

கேள்வி: கடலூரிலிருந்து ஒரு அம்மா, 5 அக்டோபர் 2024

என் பெண்ணுக்கு 9 வயது. ஆட்டிசம். சொந்தமாகப் பேசுவது ரொம்பக் குறைவு, நாம் சொல்வதைத் திருப்பிச் சொல்வாள். தென்பெண்ணை ஆறு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். புயல் என்றால் ஒரு பை தயாராக இருந்தால் போதும் என்கிறார் என் கணவர். மாத்திரை, பிஸ்கட், டார்ச், அட்டைகளின் நகல், ஒரு மாற்றுத் துணி. போதுமா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: இன்னொரு அம்மா, 5 அக்டோபர் 2024, இரவு

பை வேண்டும்தான். ஆனால் 2015-இல் என் கையிலும் பை இருந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அப்போது முடிச்சூரில் கீழ்த்தளத்து வீடு. பையனுக்கு 8 வயது. பேச்சு கிடையாது, வலிப்பும் உண்டு. டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு ஊருக்குள் வந்தது. ராத்திரி முழங்கால் தண்ணீரில் அவனைத் தூக்கிக்கொண்டு மேலே வீட்டுக்காரர் வீட்டுக்கு ஏறினோம். பை என் தோளில். அதில் எல்லாம் இருந்தது.

காலையில் மீனவர்கள் படகு கொண்டு வந்தார்கள். மாடிப்படி பாதிவரை தண்ணீர், படியோடு ஒட்டிப் படகு நிற்கிறது. எல்லோரும் ஏறியாயிற்று, இவன் மட்டும் வரவில்லை. கைப்பிடிக் கம்பியை இறுக்கிக்கொண்டு அலறுகிறான். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். "தூக்கிப் போடுங்கம்மா" என்று ஒருவர் கத்தினார். தூக்கப் போன என் கணவரின் தோளைக் கடித்துவிட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவன் குனிந்து குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். செருப்பு! வாசலைத் தாண்டினால் செருப்புப் போட வேண்டும் என்று நான்தான் மூன்று வருஷம் பழக்கியிருந்தேன். செருப்பு கீழே ஸ்டாண்டோடு மிதந்து போய்விட்டது. படகுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, படகு ஆட ஆடக் குனிந்து இவன் காலடியில் வைத்தார். இவன் காலைப்போல இரண்டு மடங்கு நீளம். போட்டுக்கொண்டான், ஏறி உட்கார்ந்தான். அவர் வெறுங்காலோடு படகு தள்ளினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அன்றிலிருந்து எங்கள் பையில் முதல் பொருள் அதே நிறத்தில் இன்னொரு ஜோடி செருப்பு. உங்கள் பெண்ணுக்குச் செருப்பு எது என்று யோசியுங்கள். அது தலையணை உறையாக இருக்கலாம், ஒரு டம்ளராக இருக்கலாம்.

இன்னொன்று, புயல் சமயத்தில் கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் ஒரு இழுப்பு. தெருவில் வெள்ளம் ஓடும்போது, மூடி இல்லாத சாக்கடை எங்கே இருக்கிறதென்று நமக்கே தெரியாது.

6 அக்டோபர்

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் சமயம், பள்ளிக்கரணையில் எங்களைச் சுற்றி மூன்று நாள் மருந்துக்கடை திறக்கவில்லை. பாலே கிடைக்கவில்லை, மருந்துக்கு எங்கே போவது. வலிப்பு மாத்திரையை ஒரு நாள்கூடச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரும், சில சமயம் விடாமல் வரும். மருத்துவரிடம் செப்டம்பரிலேயே கேட்டு, 15 நாளுக்குக் கூடுதலாக எழுதி வாங்கிவிடுங்கள். "ஸ்டாக் வைக்கணும், மழைக்காலம்" என்றால் புரிந்துகொள்வார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் ஜிப் கவரில் போட்டுப் பையில் வையுங்கள். வேறு ஊர்க் கடையில் அது இல்லாமல் தர மாட்டார்கள்.

நான் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாவில் போட்டு வைப்பேன்.

7 அக்டோபர்

இரண்டு திருத்தம்.

முதலாவது மாத்திரை. ஒரு மருந்தாளுநர் எனக்குத் தனியாக எழுதினார். சோடியம் வால்ப்ரோயேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அட்டையிலிருந்து பிரித்து வைக்கவே கூடாது என்றார். உடனே டப்பாவைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாத்திரை கசிந்து டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மழைக்கு என்று வைத்த மருந்தை ஈரமே தின்றிருக்கிறது. இனி அட்டையைக் கத்தரியால் வேளைக்கணக்கில் வெட்டி அப்படியே கவரில் போடுவேன். நேற்று எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

இரண்டாவது பூட்டு. ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஏர்வாடியை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஆனால் என் வீட்டோடு சேர்த்து நினைத்ததில்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன் ஓலைக் கொட்டகையில் தீ. மனநலம் பாதித்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த தனியார் காப்பகம். ஓடப் பார்த்தும் ஓட முடியாமல் 28 பேர் போனார்கள். அவர்கள் நிலை வேறு, நம் பிள்ளைகள் நிலை வேறு, உண்மைதான். ஆனால் கட்டி வைத்தவர்களும் ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் கட்டினார்கள். நான் பூட்டுப் போடுவதும் அதே பயத்தில்தான். சாவி என் இடுப்பில் இருக்கிறது, எனக்கு மயக்கம் வந்து விழுந்தால்? கேஸ் பிடித்துக்கொண்டால்?

நேற்று மாலையே பூட்டை எடுத்துவிட்டோம். கதவின் மேல்பக்கம், அவன் கைக்கு எட்டினாலும் கண்ணில் படாத இடத்தில், சாவி தேவைப்படாத தாழ்ப்பாள். கதவில் பழைய சலங்கை ஒன்று கட்டியிருக்கிறோம். அசைந்தால் சமையலறை வரை கேட்கிறது. வீட்டுக் கதவின் இன்னொரு சாவி எதிர்வீட்டு அக்காவிடம். ராமநாதபுரத்துக்காரருக்கு என் நன்றி.

9 அக்டோபர்

"அறிவிப்பு வந்ததும் முகாமுக்குப் போய்விடலாமே, இவ்வளவு யோசனை எதற்கு?" என்று கேட்கிறார் ஒருவர். கோபம் வந்தது, பிறகு தணிந்தது. அவருக்கு எப்படித் தெரியும்.

2015-இல் நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் இருந்தோம். முதல் ராத்திரி முழுக்க மைக்கில் அறிவிப்பு, ஜெனரேட்டர் இரைச்சல், நானூறு பேர் மூச்சு. பொட்டலத்தில் தக்காளி சாதமும் சாம்பார் சாதமும் மாறி மாறி வந்தன. பசித்தவர்களுக்கு அது அமிர்தம். இவன் வெள்ளைச் சோறு தவிர எதையும் தொட மாட்டான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் பிஸ்கட்டும்தான். இரண்டாம் ராத்திரி காதைப் பொத்திக்கொண்டு ஒரே சுருதியில் ஊளையிட ஆரம்பித்தான். "பிள்ளையை அடக்கத் தெரியாதா" என்று ஒரு மூலையிலிருந்து கேட்டது. சமையல்காரர் ஒருவர்தான் வந்து, பாத்திரம் வைக்கும் அறையைத் திறந்துவிட்டு, "இங்க படுக்க வைம்மா" என்றார். அண்டாக்களுக்கு நடுவில் அவன் தூங்கினான். காலையில் அதே மனிதர் சோற்றைக் குழம்பு கலக்காமல் தனியாக எடுத்து வந்து தந்தார்.

முகாமுக்குப் போனால் முதலில் அங்கே பொறுப்பில் இருப்பவரைத் தேடி இரண்டே விஷயம் கேளுங்கள்: மூலையில் ஒரு அறை, கலக்காத சோறு. கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள்.

கழிவறை இன்னொரு பாடு. இப்போது என் மகனுக்கு 17 வயது, மீசை இருக்கிறது. ஆண்கள் பக்கம் நான் போக முடியாது, பெண்கள் பக்கம் அவன் வர முடியாது. அப்பா கூட இல்லாத நேரம் என்ன செய்வது? பெரிய பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மாதவிலக்கு நாள் கணக்கும் சேரும். நாப்கினைப் பையில் வைப்பதோடு, வேறு வகை கொடுத்தால் ஏற்பாளா என்றும் பார்த்து வையுங்கள்.

13 அக்டோபர்

திருத்தம் அல்ல, வெட்கம். பையைப் பெருமையாக எழுதினேனே, இன்று பிரித்துப் பார்த்தேன். செருப்பு 7-ஆம் நம்பர். இவனுக்கு இப்போது 9. சட்டை தோளில் ஏறவில்லை. டார்ச்சில் பேட்டரி பூத்துப் பச்சையாகிவிட்டது. அடையாளத் தாளில் ஒட்டியிருக்கும் படத்தில் அவனுக்கு 11 வயது, பால் முகம். அந்தப் படத்தை வைத்து இன்று அவனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இனி ஆடி 18-க்கு ஒரு தரம், நவராத்திரிக்கு ஒரு தரம் பிரித்துப் பார்ப்பதாக முடிவு. காலண்டரில் எழுதினால் மறப்பேன். கொலு எடுத்து வைக்கும்போது பரணில் ஏறத்தானே வேண்டும், பையும் அங்கேதான் இருக்கிறது.

15 அக்டோபர்

நாளைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். போன வருஷம் மூழ்கிய கார்களைப் பார்த்தவர்கள், வேறென்ன செய்வார்கள். அதைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. காருக்கு மேடு எது என்று ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. என் பையனுக்கு மேடு எது என்று எங்கள் குடியிருப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர். நான், என் கணவர்.

17 அக்டோபர்

பயந்த அளவு பெய்யவில்லை. நேரம் கிடைத்ததால் நேற்று யோசித்ததை எழுதுகிறேன். முதல் குறிப்பில் எழுதியதைவிட இதுதான் முக்கியம்.

மிக்ஜாம் அன்று நான் வீட்டில் இல்லை. 2023 டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கத் தாம்பரம் போனவள், 5-ஆம் தேதி மத்தியானம்தான் திரும்ப முடிந்தது. போன் டவர் எல்லாம் படுத்துவிட்டது. 4-ஆம் தேதி முழுக்க ஒரு அழைப்புகூடப் போகவில்லை. பையனும் அவன் அப்பாவும் இரண்டாவது மாடியில், கரண்ட் இல்லாமல்.

என் கணவர் நல்ல அப்பா. ஆனால் ராத்திரி 8 மணிச் சடங்கு என்னுடையது: குளியல், சோறு, மாத்திரை, படுக்கை. இந்த வரிசை மாறினால் அடுத்தது நடக்காது. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. குடத்தில் இருப்பது குடிக்க. குளியல் இல்லை என்றால் சோறு இல்லை, சோறு இல்லை என்றால் மாத்திரை இல்லை. பையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறான். அசையவில்லை. தொட்டால் தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான்.

பத்து மணிக்கு இவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, அவன் இரண்டு பாதத்திலும் மெதுவாக ஊற்றி, நான் சொல்லும் அதே ராகத்தில் "குளிச்சாச்சு, தொடச்சாச்சு" என்று சொல்லியிருக்கிறார். அவன் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு நேராகச் சாப்பிட வந்து உட்கார்ந்தானாம்.

ஐந்தாம் தேதி இதைச் சொல்லும்போது அவர் அழுதார். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. அந்த ராகம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. 16 வருஷத் திட்டம் முழுக்க என் தலைக்குள் இருந்தது. அவருக்கு அது ஞாபகம் வந்தது அதிர்ஷ்டம். எதிர்வீட்டு அக்காவாக இருந்திருந்தால்?

ஆகவே கடலூர் சகோதரி, உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பைக்குள் போக வேண்டியது நீங்கள். அதாவது உங்களுக்கு மட்டும் தெரிந்தது எல்லாம்.

18 அக்டோபர்

எப்படி எழுதுவது என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் தாளை அப்படியே தருகிறேன், பெயரும் எண்ணும் தவிர. அவனே பேசுவதுபோல எழுதியிருக்கிறோம். படிக்கிறவர் மனசு இளகும் என்பதற்காக இல்லை. படகில் வருகிறவருக்கு "ஆட்டிசம்" என்று எழுதினால் என்ன செய்வதென்று தெரியாது, "என்னைத் தொடாதீர்கள்" என்றால் தெரியும்.

"எனக்குப் பேச வராது. நீங்கள் சொல்வது புரியும். பின்னாலிருந்து என்னைப் பிடிக்காதீர்கள், முன்னால் நின்று கையைக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வார்த்தை: வா. உட்கார். போதும். செருப்பு இல்லாமல் வெளியே வர மாட்டேன், பையில் இருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டால் சத்தத்தைக் குறையுங்கள், என்னைத் திட்டாதீர்கள். வெள்ளைச் சோறு, தயிர், மேரி பிஸ்கட் சாப்பிடுவேன். குளிக்கத் தண்ணீர் இல்லை என்றால் பாதத்தில் கொஞ்சம் ஊற்றி, 'குளிச்சாச்சு, தொடச்சாச்சு' என்று சொல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108."

பின்பக்கம் மருந்தின் பெயர், அளவு, நேரம், ரத்த வகை, யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எண், மூன்று போன் எண். அதில் ஒன்று வெளியூர் எண்ணாக இருக்கட்டும். எங்கள் பக்கம் டவர் விழுந்து எங்கள் எண்கள் கிடைக்காவிட்டாலும், டவர் இருக்கும் இடத்திலிருந்து மதுரைச் சித்தப்பாவுக்கு அழைப்பு போகும். லேமினேட் செய்து நான்கு பிரதி: பையில், எதிர்வீட்டு அக்காவிடம், வாட்ச்மேன் அண்ணனிடம், மதுரையில்.

அக்காவிடம் தாளைக் கொடுத்தபோது முழுக்கப் படித்துவிட்டு, "இத்தனை வருஷமா எதிர்ல இருக்கேன், இவன் தயிர் சாப்பிடுவான்னே எனக்குத் தெரியாதே" என்றார். மறுநாள் ஒரு கிண்ணத்தில் தயிர் வந்தது.

20 அக்டோபர்

பெருமூளை வாதம் உள்ள 12 வயதுப் பெண்ணின் அப்பா கேட்கிறார்: மூன்றாவது மாடி, லிஃப்ட் நின்றுவிட்டால்? சளி உறிஞ்சும் இயந்திரத்துக்குக் கரண்ட் இல்லாவிட்டால்?

எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. தெரிந்த ஒரு அம்மா செய்வதைச் சொல்கிறேன். காலால் மிதித்து இயக்கும் சளி உறிஞ்சி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், கரண்டே வேண்டாம். மாதம் ஒரு தரம் மிதித்துப் பழகுகிறார். இறக்குவதற்குக் கெட்டியான ஜமுக்காளம், நான்கு முனைக்கு நான்கு பேர். அந்த நான்கு பேர் யார் என்று முன்பே பேசி வைத்து, ஒரு தடவை வெறும் ஜமுக்காளத்தில் அரிசி மூட்டையை வைத்து இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். படி திரும்பும் இடத்தில்தான் இடித்ததாம்.

23 அக்டோபர்

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு கேள்வி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 8. பேரிடரில் மற்றவர்களுக்குச் சமமான பாதுகாப்பு நம் பிள்ளைகளுக்கும் உண்டு. அதன் மூன்றாவது உட்பிரிவைப் படியுங்கள்: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேடாக வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2019-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது.

போன வருஷம் ஒரு அலுவலகத்துக்குப் போய், அந்தப் பதிவேட்டில் என் மகன் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்தவர் வேறு அறைக்கு அனுப்பினார். அந்த அறையில் இன்னொரு அறைக்கு. கடைசியில் ஒரு அம்மா, "யூடிஐடி இருக்குல்ல, அதுலேயே எல்லாம் இருக்கும்" என்றார். அட்டையில் எங்கள் பழைய முடிச்சூர் முகவரி. யாராவது நிஜமாகவே அதைப் பார்த்துப் படகு அனுப்பினால் அது முடிச்சூருக்குத்தான் போகும். முகவரியை மாற்ற அன்றே விண்ணப்பித்தேன். நீங்களும் பாருங்கள்.

மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டம் 1077. பேசும்போது முதல் வாக்கியத்திலேயே, "வீட்டில் பேச வராத பிள்ளை, வலிப்பு உண்டு, நடப்பான், தண்ணீர் இத்தனை அடி" என்று சொல்லிவிடுங்கள்.

1 நவம்பர்

தீபாவளி முடிந்தது. சத்தத்துக்கு அவன் காதுமூடியைத் தானே தேடிப் போட்டுக்கொண்டான். காதுமூடி என்றதும் ஞாபகம் வந்தது. போன வருஷம் அக்டோபரில் அரசு எல்லாப் போனுக்கும் சோதனை எச்சரிக்கை அனுப்பியதே, அலறிக்கொண்டு? நாங்கள் தயாராக இல்லை. வீட்டில் மூன்று போன், மூன்றும் ஒரே நேரத்தில். பையன் என் போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டான். நிஜ எச்சரிக்கை வரும் நாளில் போன் வாளிக்குள் கிடந்தால் என்ன பயன்? அதனால் அந்த மாதிரிச் சத்தத்தைக் குறைந்த ஒலியில் வைத்து, "மழை மணி" என்று பெயர் சொல்லி, உடனே செருப்பை எடுத்துக் கொடுப்போம். வாரம் ஒரு தரம். இப்போது மணி கேட்டால் செருப்பைப் பார்க்கிறான்.

கரண்ட் போவதையும் இப்படித்தான் பழக்கினோம். சாயங்காலம் மெயினை அணைத்துவிடுவோம், இருபது நிமிடம். முதல் தடவை சுவரில் முட்டிக்கொண்டான். நான் உடனே போட்டுவிட்டேன், அன்று எனக்குத் தூக்கமில்லை. அடுத்த தடவை மூன்றே நிமிடம். அப்படியே கூட்டினோம். ஏழாவது தடவையோ எட்டாவதோ, இருட்டியதும் அவனே அலமாரிக்குப் போய் டார்ச்சை எடுத்து என் கையில் திணித்தான்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். பக்கத்து நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஹெல்மெட்டையும் உடையையும் தொட்டுப் பார்க்க விட்டார்கள். முகம் மறைந்த மனிதர் திடீரென்று வீட்டுக்குள் வந்தால் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இது ரொம்ப அவசியம்.

3 நவம்பர்

டேப்லெட்டில் பேசும் பிள்ளைகளைப் பற்றி எழுதவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான், எங்களுக்கே அது உண்டு. ஆவாஸ் செயலி, நம் சென்னையில் உருவானது, படத்தைத் தொட்டால் பேசும். மிக்ஜாமில் இரண்டாம் நாள் காலை சார்ஜ் தீர்ந்தது. என் கணவர் சொன்னார், "டேப்லெட் அணைஞ்சப்போ அவன் வாயை மூடினாப்ல இருந்தது." தண்ணீர், வலி, வேண்டாம், போதும், பாத்ரூம், அம்மா என்று பன்னிரண்டு படங்களை அதே வரிசையில், அதே நிறத்தில் தாளில் அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறோம். வரிசை மாறக் கூடாது. அவன் விரல் இடத்தை வைத்துத்தான் தேடும்.

29 நவம்பர்

ஃபெஞ்சல் புயல். கடலூர் சகோதரி, பையைப் பரணிலிருந்து இறக்கியாயிற்றா? பாப்பாவை ஒத்திகைக்கு அக்கா வீட்டுக்கு இரண்டு தடவை கூட்டிப் போனதாக எழுதியிருந்தீர்கள். காற்று எழும் முன்பே, வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். அவளுக்கு அது அக்கா வீட்டுக்குப் போகும் இன்னொரு நாளாகவே இருக்கட்டும்.

1 டிசம்பர்

நேற்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்திருக்கிறது. மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழையாம். இங்கே 11 மணி நேரம் கரண்ட் இல்லை. பையன் டார்ச்சோடு தூங்கிவிட்டான். கடலூரிலிருந்து பதில் இல்லை.

2 டிசம்பர், காலை

சாத்தனூர் அணையிலிருந்து அதிகாலையில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்திருக்கிறார்கள். தென்பெண்ணை. நான் எழுதியது எல்லாம் பகலுக்கான ஒத்திகை. ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி அழைத்துப் போவதை ஒரு தடவைகூடப் பழக்கவில்லை, உங்களிடம் சொல்லவும் இல்லை. தயவுசெய்து யாராவது ஒரு வரி எழுதுங்கள்.

5 டிசம்பர்

எழுதிவிட்டார்! எல்லோருக்கும் அப்படியே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார்கள், மழை விட்டதும் ஞாயிறு மாலை திரும்பிவிட்டார்கள். புயல் போய்விட்டது, ஆறு வருமென்று நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும் முன் தெருவில் தண்ணீர். பாப்பாவை எழுப்பினால் எழவில்லை, இருட்டில் கத்தியிருக்கிறாள். அப்பாதான் டார்ச் வெளிச்சத்தில் தாளைப் படித்து, "அக்கா வீடு, பச்சைக் கதவு, அக்கா வீடு, பச்சைக் கதவு" என்று அவளுடைய சொற்களிலேயே சொல்லியிருக்கிறார். அவளும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். சொல்லிக்கொண்டே அவர் தோளில் ஏறிக்கொண்டாளாம். இடுப்பளவுத் தண்ணீரில் அந்தத் தெரு முழுக்க அவள் குரல்தான். அவள் குரலைக் கேட்டு எதிர்வீட்டுப் பையன் கயிறோடு வந்து சேர்ந்தானாம்.

பச்சைக் கதவு எனக்குத் தோன்றியதே இல்லை. அது அந்த அம்மா எழுதிய வரி. எங்கள் தாளிலும் மதுரைச் சித்தப்பா வீட்டுக் கதவின் நிறத்தைச் சேர்த்துவிட்டேன்.

8 டிசம்பர்

ராத்திரி ஒத்திகை தொடங்கிவிட்டோம். முதல் தடவை அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பினேன். எழுந்தான், செருப்பைப் போட்டான், கதவு வரை வந்தான், திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான். அடுத்த வாரம் மறுபடியும்.

கடலூர் சகோதரி, ஈரமான தாளைத் திருத்தி எழுதுவதாகப் படம் அனுப்பியிருந்தீர்களே, பார்த்தேன். "சத்தம் பிடிக்காது" என்று இருக்கிறது. எந்தச் சத்தம்? இடியா, மிக்சியா, ஆட்கள் கத்துவதா? அதை எழுதுங்கள். செருப்பு நம்பரைப் பேனாவால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். அவள் வளர்கிறாள்.